தெளிந்தநீர் மீது ஒரு புகார்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாம் என்று போன வாரம் முழுக்கப் போன் செய்து பார்த்தேன், நீ எடுக்கவில்லை. நேற்று உங்கள் இணைய மீன்தொட்டி மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, "தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருக்கிறது, என்ன செய்வது?" என்று ஒரு வரி போட்டேன். இஸ்திரிப் பெட்டி சூடாவதற்குள் உன் பதில் வந்துவிட்டது. உன்னைப் பிடிக்க மீன் வளர்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ வளர்த்திருப்பேன்.

தொட்டி நான் வாங்கியது இல்லை. திரைச்சீலை தைக்கக் கொடுத்த ஒரு பெண் வீடு மாறும்போது கடையில் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டு நாள் இருக்கட்டும் அக்கா, வந்து எடுத்துக்கறேன்" என்றாள். திரைச்சீலையைக்கூட எடுக்க வரவில்லை. மீன்கள் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து நான் போட்டுக்கொண்டே இருந்ததில் மூன்று போய்விட்டன.

அதற்காக உங்கள் மன்றம் என்னை இப்படி நடத்த வேண்டுமா? ஒருவர் எதை எழுதினாலும் அதற்குக் கீழே, அவர் வீட்டில் இந்த வருடம் செத்த மீன்களின் எண்ணிக்கையைப் போடுகிறீர்கள். உனக்கு "ரொம்ப நன்றி" என்று எழுதினேன். கீழே "இழப்பு: மூன்று" என்று வருகிறது. ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன், அதற்குக் கீழேயும் "இழப்பு: மூன்று." வாழ்த்து எடுபடவில்லை.

விவரப் பக்கத்தை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பிவிட்டேன். புனைபெயர் ஊசிநூல். தொழில் தையல். "உங்களைப் பற்றி" என்ற இடத்தில் என்னைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றாததால் உன்னைப் பற்றி எழுதினேன்: "நெறியாளர் தெளிந்தநீர் என் கூடப்பிறந்த தம்பி. சின்ன வயதில் குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இப்போது பெரிய கம்பெனியில் கணக்குப் பிரிவு மேலாளர்." கடையின் போன் நம்பரும் போட்டிருக்கிறேன். நாலு பேர் துணி தைக்க வந்தால் நல்லதுதானே.

உன் மாமா உன்னை விசாரித்தார். நேரம் இருந்தால் போன் செய். நேரம் இல்லாவிட்டாலும் செய்.

உன்னைத் தேடும்,
அக்கா

மார்ச் 4

பெறுநர்: உறுப்பினர் ஊசிநூல்
பொருள்: முதல் அறிவிப்பு

மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு,

வணக்கம். மன்றம் தங்களை வரவேற்கிறது. சேர்ந்த ஒரே நாளில் தாங்கள் நான்கு விதிகளை மீறியிருக்கிறீர்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். விவரப் பக்கத்தில் தொலைபேசி எண் கூடாது. வியாபார அழைப்பு கூடாது. பிற உறுப்பினரின் சொந்த விவரங்கள் கூடாது. உறுப்பினர்களைப் புனைபெயரால் மட்டுமே அழைக்க வேண்டும்; தாங்கள் நீலவால் என்ற உறுப்பினரை "தம்பி" என்று அழைத்ததோடு, சாப்பிட்டாயா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. புகார் செய்திருக்கிறார். மூன்று அறிவிப்புகள் பெற்றவரின் கணக்கு முடக்கப்படும்.

இப்படிக்கு,
தெளிந்தநீர்
நெறியாளர்

அக்கா, மேலே இருப்பது அலுவல். யாராக இருந்தாலும் இப்படித்தான் போகும். இழப்புக் கணக்கைப் பார்த்து வருத்தப்படாதே. மன்றத்தின் நிறுவனர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாயைத் திறந்து காட்டாதவருக்கு வைத்தியம் இல்லை என்பது அவர் கொள்கை. தொட்டித் தண்ணீரை மொத்தமாக மாற்றாதே, தீனியை இரண்டு நாள் நிறுத்து, தானாகத் தெளியும். போனுக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கிற நேரம், தலை தூக்க முடியவில்லை.

என் வேலையைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் இன்றே எடுத்துவிடு. மற்றவற்றை நாளை எடுத்தாலும் போதும்.

தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாவற்றையும் அன்றே எடுத்துவிட்டேன். இப்போது என் விவரப் பக்கம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. தண்ணீரும் தெளிந்துவிட்டது. தொட்டிக்குள் ஒரு பொம்மைக் கோட்டை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

ஒரு சந்தேகம். உன்னுடைய விவரப் பக்கத்தில் "தொழில்: கணக்குப் பிரிவு மேலாளர்" என்று கொட்டை எழுத்தில் நீயே போட்டிருக்கிறாய். நீ சொன்னால் தகவல், நான் சொன்னால் குற்றமா? விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்தேன். இரண்டாம் விதி, "விவரப் பக்கத்தில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும்" என்கிறது. நான் எழுதியது உண்மைதானே என்று கேட்கத்தான் இதைச் சொல்கிறேன், சண்டைக்கு இல்லை.

நீலவாலிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயா" என்று ஆரம்பித்தேன். அதுவும் புனைபெயர் இல்லையே என்று அழித்தேன். அவ்வளவு பெரிய மனிதரை "நீலவால் அவர்களே" என்று கூப்பிட விரல் வரவில்லை. விதி என்பதால் கூப்பிட்டேன்.

நேற்று உன் வீட்டுக்காரி பேசினாள். நீ வீட்டுக்கு வந்தும் எதையோ யோசித்துக்கொண்டே இருக்கிறாயாம். "ஆபீஸ்ல என்னத்தத் தலையில கட்டினாங்களோ தெரியல, அண்ணி. கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் திரும்பறார்" என்றாள். நாத்தனார் என்ற பதவிக்கு உரிய எந்த அதிகாரத்தையும் நான் இதுவரை பயன்படுத்தியது கிடையாது. அதனால் அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். கணக்கு முடிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

ஆனால் உன் புனைபெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. ஆள் உள்ளே இருந்தால் எரியும் என்று மன்றத்தில் சொன்னார்கள். நான் கடை திறக்கும்போது எரிகிறது. மதியம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போது எரிகிறது. சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு அணைகிறது. தலை தூக்க முடியாத வேலையில் இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது? மேலதிகாரி நல்லவராக இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ பேசுவாய் என்று போனைத் தையல் மெஷின் மேலேயே வைத்திருக்கும்,
அக்கா

மார்ச் 9

பெறுநர்: உறுப்பினர் ஊசிநூல்
பொருள்: இரண்டாம் அறிவிப்பு

மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு,

வணக்கம். மீன் இறந்ததைத் தெரிவிக்கும் உறுப்பினருக்கு அனுதாபம் ஒரு வரியில் சொல்லலாம். தாங்கள் சங்குநத்தை என்ற உறுப்பினருக்கு ஒரு பக்கம் எழுதி, வீட்டில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய் உட்காரலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் அதன் பிறகு பதினைந்து பேர் தங்கள் தனிமையைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒருவர்கூட மீனைப் பற்றி எழுதவில்லை. பக்கம் பூட்டப்பட்டது.

இப்படிக்கு,
தெளிந்தநீர்
நெறியாளர்

அக்கா, பச்சைப் புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்யாதே. கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். எந்திரம்.

இந்த மாதக் கடைசியில் நிறுவனர் நெறியாளர்களை மறுபடி தேர்ந்தெடுக்கிறார். என் பக்கத்திலிருந்து ஒரு குறையும் இருக்கக் கூடாது. காலையில் எழுந்தால் எனக்காக ஐம்பது அறுபது கேள்விகள் காத்திருக்கின்றன. பதில் சொன்னால் நன்றி என்கிறார்கள். இது போய்விட்டால் காலையில் சட்டை போட்டுக்கொண்டு நான் எங்கே போவேன்?

கடைசி வரியைக் கணக்கில் எடுக்காதே. அவசரத்தில் எழுதியது. அவளிடம் என்னைப் பற்றி எதுவும் பேசாதே, வீணாகக் கவலைப்படுவாள்.

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் கடைசி வரியைக் கணக்கில் எடுக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு இடதுகை தைத்துவிட்டேன்.

தொட்டியின் படம் போடுகிறவர்கள் அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று உங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே. பழைய படத்தைப் போட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காக. புதிதாக வந்த ஒருவர் அதை எப்படிச் செய்வது என்று செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டார். நீ உடனே செய்து காட்டிப் படம் போட்டாய். தொட்டிக்குப் பதில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அதன் அடியில் அன்றைய தாள். தேதி தெரியும்படி தாளைச் சரியாக மடித்திருந்தாய். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டலாம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

தாளின் ஓரம் ஒரு மரக் குச்சியில் செருகியிருக்கிறது. மடிப்புக்கு மேலே ஊதா மையில் முத்திரை: வாசகர் அறை, வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.

ஆபீசில் நூலகம் வைத்திருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். நேற்று உன் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். உன்னைக் கேட்டேன்.

"அவர் இங்க இல்லைங்களே."

"எப்ப வருவார்?"

"இல்லைங்க. அவர் இங்க இல்லை."

இரண்டு முறையும் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். இரண்டாவது முறை மெதுவாகச் சொன்னாள். நான் யார் என்று கேட்டாள். துணி தைக்கக் கொடுத்திருந்தார், வாங்கவே இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை; அவருக்குத் தெரிந்தால் உதவி செய்யக் கிளம்பி ஊருக்கே தெரியவைத்துவிடுவார். என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று எழுது. எழுத முடியாவிட்டால் போன் செய்து சும்மா இரு. நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 16

பெறுநர்: உறுப்பினர் ஊசிநூல்
பொருள்: மூன்றாம், இறுதி அறிவிப்பு

மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு,

மன்றத்தின் பொது ஒழுங்குக்கு ஊறு விளைவித்த காரணத்தால் தங்கள் கணக்கு வரும் ஞாயிறு முதல் முடக்கப்படும். தங்கள் தனிமடல்களும் நின்றுவிடும்.

தெளிந்தநீர்
நெறியாளர்

அக்கா, தயவுசெய்து இங்கே இதைப் பற்றி எழுதாதே. தனிமடலை நிறுவனர் நினைத்தால் திறந்து பார்க்கலாம். எல்லாம் சரியாகிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறேன். கிடைத்ததும் நானே சொல்வேன், அப்போது இதைச் சொல்லிச் சிரிக்கலாம். உன் கணக்கை அப்புறம் திறந்துவிடுகிறேன்.

மார்ச் 17

அனுப்புநர்: ஊசிநூல், உறுப்பினர்
பெறுநர்: தெளிந்தநீர், நெறியாளர்
பொருள்: புகார்

மதிப்பிற்குரிய நெறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் அறிவிப்பு கிடைத்தது. முதல் இரண்டிலும் நான் செய்த குற்றம் இன்னதென்று இருந்தது, இதில் இல்லை. பொது ஒழுங்கு என்று ஒரு விதி இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. இருந்தாலும் ஞாயிறு வரை நான் உறுப்பினர். அதற்குள் ஒரு புகார் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது.

தெளிந்தநீர் என்ற உறுப்பினர் தம் விவரப் பக்கத்தில் "தொழில்: கணக்குப் பிரிவு மேலாளர்" என்று எழுதியிருக்கிறார். அது இப்போது உண்மை இல்லை என்று அறிகிறேன். இது இரண்டாம் விதிக்கு எதிரானது. அந்த விதியை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர் தாங்கள்தான் என்று அதன் அடியிலேயே போட்டிருக்கிறது. புகார் யார் மீது வந்தாலும் நெறியாளர் அதை விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் தாங்கள் எழுதியதே.

புகாரை நிறுவனருக்கு அனுப்பவும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை நான் அழுத்தவில்லை. தங்களை விட்டால் இந்த ஆளைச் சரியாக விசாரிக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை. அவரை ஏன் என்று கேட்கவும். அவருடைய மனைவிக்குத் தெரியுமா என்றும் கேட்கவும். அவரைத் திட்ட வேண்டாம். சிறுவயது முதல் எனக்குத் தெரிந்த ஆள். திட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்.

இப்படிக்கு,
ஊசிநூல்

மார்ச் 19

தம்பி,

புகார் அனுப்பியதிலிருந்து உன் பச்சைப் புள்ளி எரியவில்லை. கடை திறக்கும்போது பார்க்கிறேன், மதியம் பார்க்கிறேன். உன்னிடம் கேள்வி கேட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவருடைய மீன் பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகிறதாம். நீலவால் வந்து, "தெளிந்தநீர் ஒருநாளும் இப்படி இருக்கமாட்டார், யாருக்காவது விவரம் தெரியுமா?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் தப்புச் செய்துவிட்டேனா? உன்னை மடக்க வேண்டும் என்று அதை எழுதவில்லை. நீ விதிக்குத்தான் பதில் சொல்வாய், எனக்குச் சொல்லமாட்டாய் என்று அப்படி எழுதினேன். உன் வீட்டு நம்பரை இரண்டு முறை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ வழக்கம்போலக் காலையில் கிளம்பிப் போனாயா என்று அவளிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் நான் சொல்லிவிட்டதாக ஆகும். கேட்காவிட்டால் நீ எங்கே இருக்கிறாய் என்று யாருக்குத் தெரியும்?

நாளை மதியத்துக்குள் ஒரே ஒரு எழுத்தை அனுப்பு. எந்த எழுத்தாக இருந்தாலும் போதும். வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். கணக்கை முடக்கு, என்னை மன்றத்தை விட்டே அனுப்பு, அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அக்கா

மார்ச் 20

பெறுநர்: உறுப்பினர் ஊசிநூல்
பொருள்: புகார் மீதான முடிவு

மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு,

வணக்கம். தாங்கள் பஸ் ஏற வேண்டியதில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறோம்.

தங்கள் புகார் எடுத்துக்கொள்ளப்பட்டது. எதிர்த்தரப்பு விசாரணைக்கு அழைக்கப்பட்டார். உடனே வரவில்லை. இந்த நாட்களில் அவர் வாசகர் அறைக்கும் போகாமல், பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாகத் தெரிகிறது. பிறகு வந்து சொன்னது: கம்பெனி கணக்குப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. நவம்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தார். அனுப்பும்போது கம்பெனி கையில் கொடுத்த பணத்தைச் சம்பளம் போல வீட்டில் கொடுத்துவந்தார். ஒவ்வொரு வாரமும், இன்னும் ஒரு வாரம்தானே என்று இருந்தது. மன்றத்தில் தன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். இந்த விளக்கங்கள் நெறியாளருக்குப் புரிந்தன. ஏற்கப்படவில்லை. புகார் உண்மை. தெளிந்தநீரின் கணக்கு ஒரு மாதம் முடக்கப்படுகிறது. நிறுவனருக்கு நானே எழுதிவிட்டேன்.

மூன்றாம் அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. அது நெறியாளர் பயத்தில் எழுதியது.

அக்கா, இதற்கு மேல் அலுவல் இல்லை.

அவளிடம் இன்று காலை சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடி என் கையில் நீட்டினாள். நான் வாங்கவில்லை. வேலை இல்லை என்றேன்.

"லீவா?"

"இல்ல. வேலையே இல்ல. நவம்பர்லேருந்து."

அடுப்பை அணைத்தாள். ஏன் சொல்லவில்லை, பணம் எங்கிருந்து வந்தது, இனி என்ன செய்வது, இவை மூன்றையும் கேட்பாள் என்று பெஞ்சில் உட்கார்ந்து பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இதை எங்க உட்கார்ந்து சாப்பிட்ட?"

வாசகர் அறையில் சாப்பிடக் கூடாது. பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு சாப்பிடுவேன் என்றேன்.

"தினமுமா?"

மழை பெய்தால் படிக்கட்டுக்கு அடியில் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். காலையில், ஷூ போட்ட காலோடு, என்னை உட்காரவைத்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொன்னாள். நான் முடிக்கும் வரை எதிரிலேயே நின்றாள். இப்போது போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போகிறாள். உன்னைத்தான் கூப்பிடுவாள். எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் பக்கம் பேசு.

முடக்குவதற்கு முன் விவரப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பது விதி. தொழில் என்ற இடத்தில் இருந்ததை அழித்துவிட்டுக் காலியாக அனுப்பினேன். மன்றம் ஏற்கவில்லை. காலியாக விட்டால் ஏற்கக் கூடாது என்று ஒரு காலத்தில் ஏற்பாடு செய்ததும் நான்தான். பிறகு "வேலை இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே ஏற்றுக்கொண்டது.

உன்
தம்பி